சங்கம் இன்னும் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

வேலையிடம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தொழிலாளர் துறையில் சமரச அலுவலராக, அதாவது நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் கூட்டிப் பேசவைப்பவராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கே: வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேண்டீன், பஸ், குறைதீர்க் குழு எல்லாம் உண்டு. கைப்பேசியிலிருந்தே புகார் அனுப்பலாம். இதற்கு மேலும் சங்கம், வேலைநிறுத்தம் எல்லாம் எதற்கு? இதைப் பார்த்து முதலீடு அடுத்த மாநிலத்துக்குப் போய்விடாதா?
– வாசகர், ஒரகடம்

ப: நீங்கள் சொன்ன அத்தனை வசதிகளும் நல்லவை. அவற்றைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவை எல்லாம் இருந்த ஓர் ஆலையின் தகராறு என் முன் வந்தது, அதைச் சொல்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம்.

பெண்கள் அதிகம் வேலை செய்யும் அசெம்பிளி லைன் அது. லைனுக்கு நாற்பது பேர். கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். லைனுக்கு இரண்டே டோக்கன்கள். முன்னால் போனவர் திரும்பி வந்து டோக்கனைக் கொடுத்தால்தான் அடுத்தவர் எழுந்திருக்கலாம். மாதவிடாய் நாட்களிலும் இதே விதிதான். பலர் ஷிப்டுக்கு வரும் முன் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மாத்திரை வாங்கிய சீட்டுகளைச் சங்கம் ஒரு கட்டாகக் கட்டி கோப்பில் சேர்த்திருந்தது. அந்த ஆலையிலும் புகார்ப் பெட்டி இருந்தது. அதைத் திறப்பவர் யார் என்று விசாரித்தேன். சூப்பர்வைசர்களுக்கு நேர் மேலே இருந்த அதிகாரிதான் திறப்பவர். கையெழுத்தை வைத்தே எழுதியது யார் என்று மறுநாள் லைனுக்குத் தெரிந்துவிடும்.

சங்கம் கோரிக்கை மனு கொடுத்தது. நான் அமர்வுக்கு நாள் குறித்தேன். நிர்வாகம் வழக்கறிஞரை அனுப்பி வாய்தா கேட்டது. அடுத்த தேதிக்கும் வாய்தா. அதன் பிறகு வேலைநிறுத்த நோட்டீஸின் நகல் என் அலுவலகத்துக்கு வந்தது. அடுத்த அமர்வில் ஆலை மேலாளரே நேரில் வந்து உட்கார்ந்தார். சங்கத்தின் சார்பில் வந்திருந்த பெண்களில் ஒருவர், கைப்பையிலிருந்து டோக்கனை எடுத்து என் மேசைமேல் வைத்தார். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் வில்லை. ஓரத்தில் துளை போட்டு நாடா கோத்திருந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போக வேண்டும். மேலாளர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் ஆலையில் இப்படி ஒன்று இருப்பது தனக்குத் தெரியாது என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கீழே நடப்பது மேலே போய்ச் சேராதபடிதான் அந்த ஆலையின் அமைப்பே இருந்தது.

கையெழுத்தான ஒப்பந்தத்தில் டோக்கன் முறை ரத்து என்று ஒரு ஷரத்தும், லைனுக்கு ஒரு ரிலீவர் (எழுந்து போகிறவருக்குப் பதிலாக நிற்கும் மாற்றாள்) என்று இன்னொரு ஷரத்தும் இடம்பெற்றன. வேலைநிறுத்தம் நடக்கவே இல்லை. உற்பத்தி ஒரு மணி நேரம்கூடப் பாதிக்கப்படவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். வேலையை நிறுத்தும் பலம் கையில் இருந்ததால்தான் அந்தப் பெண்கள் நிறுத்தாமலே காரியத்தை முடித்தார்கள். அந்தப் பலம் இல்லாதவர் மேசைக்கு வந்து பேசினால் அது விண்ணப்பம். அதற்குப் பேச்சுவார்த்தை என்று பெயரில்லை.

சங்கம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் தயாரிக்கும் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. அது பொய் என்று சொன்னால் அந்தப் பெண்கள் நம்பக்கூடிய ஒரு பிரதிநிதி அங்கே இல்லை. அவர்களுக்காக நிர்வாகத்துடன் பேசவும் ஆள் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் நள்ளிரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைப்பதாக அறிவித்தது. 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் கதவு திறந்தது. சங்கம் இருந்திருந்தால் விடுதி அறையில் எத்தனை பேர் படுப்பது, சாப்பாட்டில் புழு வந்தால் யாரிடம் சொல்வது என்பதெல்லாம் மாதங்களுக்கு முன்பே ஒரு கோரிக்கை மனுவில் வரிசை எண்ணோடு வந்திருக்கும். அந்த மனுவைப் படித்திருந்தால் நிர்வாகமே பிழைத்திருக்கும்.

முதலீடு பற்றிக் கேட்டீர்கள். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கி 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதியமும் வேலை நேரமும் கோரிக்கைகளில் இருந்தன என்றாலும், அத்தனை நாட்கள் இழுத்ததற்கு முக்கியக் காரணம் சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிப்பதுதான். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. 1926-லேயே தொழிற்சங்கச் சட்டம் கொடுத்த ஓர் உரிமைக்காக 2024-இல் 37 நாட்கள் வெயிலில் உட்கார வேண்டியிருந்தது. இந்தப் பதிவை முதல் மாதத்திலேயே கொடுத்திருந்தால் யாருக்கு என்ன நட்டம்? முதலீட்டாளர் நாடுவது நிச்சயத்தன்மையை. இரு தரப்பும் கையெழுத்திட்ட மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தம் தருகிற நிச்சயத்தைப் புகார்ப் பெட்டி தராது.

கே: ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். உட்காரும் உரிமைக்குச் சட்டம் வந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் கடையில் இன்னும் காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை நிற்கிறோம்.
– வாசகி, மதுரை

ப: சட்டம் வந்தது உண்மை. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று சேர்த்தார்கள். நமக்கு முன்னால் 2018-இல் கேரளம் இதைச் செய்தது. அங்கே கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள்; பெரிய சங்கங்கள் கண்டுகொள்ளாததால் தாங்களே ஓர் அமைப்பைக் கட்டிப் போராடினார்கள்.

நமக்கு அந்தச் சட்டம் போராடாமலே கிடைத்தது. அதனால்தான் உங்கள் கடையில் ஸ்டூல் வரவில்லை என்று நினைக்கிறேன். சட்டத்தை எழுதுவது ஒரு வேலை. கடைக்குள் அதைக் கொண்டுவருவது வேறு வேலை. அதற்குக் கடைக்குள் ஆள் வேண்டும். ஆய்வாளர் வருகிற நாளில் ஸ்டூல்களை வரிசையாகப் போட்டுவிட்டு, அவர் போனதும் கிடங்குக்கு எடுத்துப்போன கடைகளைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஒருவர் மட்டும் உங்கள் பெயரில் புகார் எழுதாதீர்கள். உங்கள் தெருவிலுள்ள நான்கைந்து கடைப் பெண்கள் சேர்ந்து, மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரே மனுவாகக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

கே: எங்கள் ஆலையில் சங்கத் தலைவர் முதலாளியின் காரில்தான் வருகிறார். போனஸ் பேச்சு முடிந்த பிறகுதான் எங்களுக்கே தகவல் வருகிறது. இந்தச் சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா எதற்கு?
– வாசகி, திருப்பூர்

ப: உங்கள் கோபம் நியாயமானது. சங்கங்கள் மீது மக்களுக்கு நம்பிக்கை குறைந்ததற்கு முதலாளிகள் மட்டும் காரணமல்ல. கட்சிக்கு ஒன்றாகச் சங்கம் பிரிந்து நிற்பதும், ஆலைக்குள் வேலை செய்யாதவர் முப்பது ஆண்டுகள் தலைவராக இருப்பதும், ஒப்பந்தத் தொழிலாளரையும் பயிற்சித் தொழிலாளர் (அப்ரண்டிஸ்) என்ற பெயரில் வேலை செய்பவரையும் உறுப்பினராகவே சேர்க்காததும் சங்கங்கள் தாமே தேடிக்கொண்ட கேடுகள். நிரந்தரத் தொழிலாளிக்கு நல்ல ஒப்பந்தம் வாங்கிக்கொடுத்துவிட்டு, அதே எந்திரத்தில் பாதிச் சம்பளத்துக்கு நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியைப் பற்றி ஒரு வரிகூடப் பேசாத தலைவர்கள் என் அறைக்கு வந்து போயிருக்கிறார்கள். அவர்களிடம் அதைச் சொல்லியும் இருக்கிறேன்.

ஆனால் இதற்குச் சந்தாவை நிறுத்துவது தீர்வாகாது. 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததைப் பாருங்கள். அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் நம் பக்கத்திலிருந்து மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். ஒரு நாள் கூலி 232 ரூபாய். அந்த ஆண்டு போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தார்கள். தோட்டத்தில் பெரிய சங்கங்கள் எல்லாமே இருந்தன, எல்லாவற்றிலும் ஆண்களே தலைவர்கள். அவர்கள் நிர்வாகத்தோடு ஒத்துப்போனார்கள் என்று பெண்கள் கருதினார்கள். ஒரு நாள் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை விட்டுவிட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். தங்களைச் சமாதானப்படுத்த வந்த சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். தங்கள் கூட்டத்துக்குப் பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர் வைத்தார்கள். பேச்சு மேசையிலும் அவர்களே உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து பழைய 20 சதவீதமே கிடைத்தது. பிறகு நடந்த பேச்சில் கூலி 301 ரூபாய் ஆனது. அவர்கள் கேட்டது 500. கிடைத்தது குறைவுதான், ஆனால் அவர்கள் எழுந்திருக்காவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது.

அந்தப் பெண்கள் சங்கத் தலைவர்களைத் துரத்தினார்கள் என்பதை மட்டும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் சங்கம் என்ற ஏற்பாட்டைத் துரத்தவில்லை. அதைத் தாங்களே கையில் எடுத்தார்கள். பின்னால் அவர்களுக்குள்ளும் பிளவு வந்தது. கட்சிகளின் இழுப்பும் இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்து வந்த எந்தத் தலைவரும் அந்தப் பெண்களைக் கேட்காமல் கையெழுத்துப் போட ஒரு கணம் தயங்கியிருப்பார்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. சங்கக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை உறுப்பினருக்கு 1926 சட்டத்திலிருந்தே உண்டு. அதை எழுத்துமூலம் கேளுங்கள். கடைசியாகப் பொதுக்குழு எப்போது கூடியது, தேர்தல் எப்போது நடந்தது என்று கேளுங்கள். அடுத்த பேச்சுக்குப் போகும் குழுவில் தையல் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் இருக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்குங்கள். சந்தா கட்டுகிறவருக்குத்தான் இதையெல்லாம் கேட்கும் அதிகாரம் உண்டு. ஆகவே கட்டுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கே: நான் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். நாங்கள் தொழிலாளிகளே இல்லை என்கிறது நிர்வாகம். எங்களுக்குச் சங்கம் உண்டா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

ப: உண்டு. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம், அவர்கள் சட்டத்துக்கு அப்பாற்பட்டவர்கள் அல்ல என்று தமிழ்நாடு அரசே 2016-இல் தெளிவுபடுத்தியது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் வேலைநீக்கத் தகராறில் தொழிலாளிக்குரிய பாதுகாப்பைக் கேட்க முடியாமல் போகலாம். சங்கத்தில் சேரும் உரிமை அதைவிட விரிந்தது. ஒரு தொழிலில் சம்பளத்துக்கு வேலை செய்யும் எவரும் அதில் வருவார். விசிட்டிங் கார்டில் மேலாளர் என்று போட்டிருந்தால் மட்டும் நீங்கள் மேலாளர் ஆகிவிட மாட்டீர்கள். உங்களால் ஒருவருக்கு விடுப்பு அனுமதிக்க முடியுமா, ஒருவரை வேலைக்கு எடுக்க முடியுமா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் அவசரமான ஒன்று: ஆட்குறைப்பு நேரத்தில் ஒரு சிறிய அறைக்குள் கூப்பிட்டு, நீங்களாக விலகுவதாக ஒரு கடிதத்தை நீட்டுவார்கள். அந்த அறையில் நீங்கள் தனியாக இருப்பதுதான் அந்த முறையின் பலமே. அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். படித்துப் பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன் என்று வெளியே வாருங்கள். நீங்களாக விலகினீர்கள் என்று தாளில் இருந்தால் அதன் பிறகு யாராலும் பெரிதாக உதவ முடியாது. ஒரு சங்கத்தின் தொலைபேசி எண் கையில் இருந்தால், அந்த அறையிலிருந்து வெளியே வரும் தைரியம் வரும்.

கே: பஸ் ஓடாவிட்டால் முதலில் அவதிப்படுவது என்னைப் போன்ற ஏழைகள்தான். அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடை செய்தால் என்ன?
– வாசகர், கும்பகோணம்

ப: நீங்கள் பட்ட சிரமத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. 2018 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய வாரம், அரசுப் பேருந்துகள் நின்றபோது ஊர்ப் பேருந்து நிலையங்களில் குழந்தைகளோடு காத்துக் கிடந்தவர்களை எல்லோரும் பார்த்தோம். ஆனால் அந்த வேலைநிறுத்தத்தின் பின்னால் இருந்ததையும் பாருங்கள். ஊதிய உயர்வு ஒரு பகுதி. ஓய்வு பெற்ற ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் சேர வேண்டிய பணப் பலன்கள் நிலுவையில் கிடந்தது இன்னொரு பகுதி. மகள் கல்யாணத்துக்கு என்று நினைத்திருந்த தன் சொந்தப் பணம் ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் வரவில்லை என்றால் அவர் யாரிடம் போவார்?

தடை செய்து பார்த்த அனுபவமும் நமக்கு உண்டு. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக சுமார் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. கடைசியில் பெரும்பாலோரை வேலையில் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. அத்தனை பேர் இல்லாமல் பள்ளியையும் அலுவலகத்தையும் யார் நடத்துவது?

பொதுப் பயன்பாட்டுப் பணிகளில் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்ற விதி 1947 தொழில் தகராறுகள் சட்டத்திலிருந்தே இருக்கிறது. அது சரியான விதி, மீறுகிறவர்களை நான் ஆதரிக்கமாட்டேன். மருத்துவமனையில் அவசரப் பிரிவைக் கைவிட்டு யாரும் வெளியே போகக் கூடாது. அதே சமயம், நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து வேலைநிறுத்த நாள் வரைக்கும் நிர்வாகம் எத்தனை முறை கூப்பிட்டுப் பேசியது என்று நீங்கள் கேட்க வேண்டும். பல வழக்குகளில் அந்தக் கோப்பை நான் பார்த்திருக்கிறேன். நோட்டீஸ் வந்த தேதி முத்திரை இருக்கும். அதற்கடுத்த தாள் வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று எழுதப்பட்டதாக இருக்கும். இடையே ஒரு கடிதம்கூட இருக்காது. உங்கள் பஸ் நின்றதற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம்.

கே: புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்த பிறகு வேலைநிறுத்தமே செய்ய முடியாது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ஓசூர்

ப: முழுக்க முடியாது என்பது சரியல்ல. மிகக் கடினமாக்கிவிட்டார்கள் என்பது சரி. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும் இருந்த நோட்டீஸ் விதி இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் பொருந்தும். நோட்டீஸ் கொடுத்து 14 நாட்கள் காத்திருக்க வேண்டும். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான்.

எனக்குக் கவலை தருவது இன்னொரு விதி. சமரசப் பேச்சு நடக்கும் காலத்திலும், அது முடிந்து 7 நாட்கள் வரையிலும் நிறுத்தக் கூடாது. நோட்டீஸ் வந்ததும் அதிகாரி முதல் அமர்வைக் கூட்டிவிட்டால் சமரசம் தொடங்கியதாகிவிடும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். ஓர் அமர்வைத் தள்ளிப்போடுவது எவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியும். மேலிருந்து ஒரு தொலைபேசி வந்தால் போதும், பேச்சு முறிந்தது என்ற அறிக்கையை அனுப்பாமல் தேதி கொடுத்துக்கொண்டே இருக்கலாம். நேர்மையான அதிகாரி அப்படிச் செய்யமாட்டார். ஆனால் லட்சக்கணக்கானவர்களின் உரிமை ஓர் அதிகாரியின் நேர்மையில் தொங்கக் கூடாது.

சட்டம் இறுகினாலும் வழி முழுதும் அடைபடவில்லை. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எல்லா நிறச் சங்கங்களும் ஒரே குரலில் எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஒரு வேலைநிறுத்தம்கூட இல்லாமல் நடந்தது அது. தனித்தனியாக ஒரு கோடிப் பேர் கைப்பேசியில் புகார் அனுப்பியிருந்தால் நடந்திருக்குமா?

கே: தொழிற்சங்கம் இந்தியாவில் எங்கே தொடங்கியது? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்.
– மாணவி, திருநெல்வேலி

ப: உங்கள் பக்கத்து ஊரிலிருந்தே தொடங்கலாம். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றார்கள். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களின் சங்கம் அது. செல்வபதி செட்டியார், இராமாஞ்சலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் அதில் முன் நின்றவர்கள். நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்று நூல்கள் இதையே சொல்லும். அவர்களின் தொடக்ககாலக் கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? சாப்பிட அரை மணி நேரம் போதவில்லை, கூட்டிக் கொடுங்கள் என்பது. டோக்கன் வைத்த அந்தப் பெண்ணின் கோரிக்கையும் இதே இனம்தான்.

ஆலை நிர்வாகம் வாடியா மீது நட்டஈடு கேட்டு உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இடைக்காலத் தடையும் வாங்கியது. வேலையை நிறுத்தச் சொல்வது ஒப்பந்தத்தை மீறத் தூண்டும் குற்றம் என்பது வாதம். சங்கம் என்றால் சிறைக்கும் கடனுக்கும் அஞ்ச வேண்டும் என்ற அந்த நிலையை மாற்றத்தான் தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி 1921-இல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் விளைவுதான் 1926 தொழிற்சங்கச் சட்டம். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல் மே தினம். தேர்வில் இதைக் கேட்பார்கள்.

கே: உணவு விநியோகம் செய்கிறேன். எங்களுக்கு முதலாளி யார் என்றே தெரியாது. செயலிதான் எல்லாம். யாருக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்வது?
– வாசகர், சென்னை

ப: செயலியை எழுதியவரும் தொகையைக் குறைத்தவரும் மனிதர்கள்தான் தம்பி. உங்கள் ஊர்ப் பையன்கள் ஒரு மாலை நேரம் எல்லோருமாகச் செயலியை அணைத்து வைத்தபோது அலுவலகத்திலிருந்து யார் கூப்பிட்டார்களோ, அவரே உங்கள் முதலாளி. ராஜஸ்தான் 2023-இல் உங்களைப் போன்றவர்களுக்காகத் தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு இறுதியில் நலவாரியம் அமைத்தார்கள்; அதில் பதிவு செய்திருக்கிறீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள். சங்கமாகச் சேர்ந்தால் முதல் கோரிக்கையாக நான் வைக்கச் சொல்வது தொகையை அல்ல. காரணம் சொல்லாமல், விளக்கம் கேட்காமல் ஒருவரின் கணக்கை முடக்கக் கூடாது என்பதை வையுங்கள். ஆலையில் ஒரு துப்புரவுப் பணியாளரை நீக்கக்கூடக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் விசாரணையும் வேண்டும். உங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி போதும் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கே: பத்துப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சங்கம் என்றாலே அடிதடி என்ற பயம்.
– வாசகர், கோயம்புத்தூர்

ப: 2009-இல் உங்கள் ஊர் ஆலை ஒன்றிலும் 2012-இல் ஹரியானாவின் மானேசர் கார் ஆலையிலும் தகராறு வன்முறையாகி மனிதவள அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அவர்களுக்கும் வீடும் குழந்தைகளும் இருந்தன. அதற்கு எந்தக் கோரிக்கையும் நியாயமாகாது; அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் இரண்டு இடங்களிலும் வன்முறைக்கு முன்னால் நெடுங்காலம் புகைந்துகொண்டிருந்த தகராறு இருந்தது. பத்துப் பேர் பட்டறையில் வருகைப் பதிவேட்டையும் ஓவர்டைம் கணக்கையும் அவர்கள் பார்க்கும்படி வையுங்கள், இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்யுங்கள். பேச்சு முகத்துக்கு நேராக நடக்கும் இடத்தில் பயத்துக்கு வேலையில்லை.

கே: என் கணவர் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார். மூன்றாவது வாரம். வண்டிக் கடனும் பள்ளிக் கட்டணமும் நிற்கின்றன. வேலைநிறுத்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா? வேலையை விட்டே எடுத்துவிடுவார்களா?
– வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

ப: அம்மா, முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பொதுவாகச் சம்பளம் கிடையாது. வேலைநிறுத்தம் சட்டப்படியானதாகவும் நியாயமானதாகவும் இருந்தால் மட்டுமே ஊதியம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் சொன்னது. அதை நிரூபிக்க நாளாகும். அந்தப் பணத்தை நம்பி இப்போது கடன் வாங்காதீர்கள்.

வேலை பற்றி இவ்வளவு பயம் வேண்டாம். சமரசப் பேச்சு நடக்கும்போது, அந்தத் தகராறு தொடர்பான காரணத்துக்காக ஒருவரை அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வேலையிலிருந்து நீக்க முடியாது. வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்கி, உறையையும் சேர்த்துச் சங்கத்தில் கொடுங்கள். பல வீடுகளில் பயந்துபோய்த் தபாலைத் திருப்பிவிடுகிறார்கள். பதில் சொல்லும் கெடு அப்படியே கடந்துபோகிறது.

பள்ளிக்கு நீங்களே போங்கள். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டுவதாக எழுதிக் கொடுங்கள். வண்டிக் கடனுக்கு நிறுவனக் கிளைக்குப் போய், வேலைநிறுத்த நோட்டீஸ் நகலைக் காட்டி ஒரு மாத அவகாசம் கேளுங்கள். சங்கத்தில் நிவாரண நிதி இருக்கிறதா, அரிசி பருப்பு கொடுக்கிறார்களா என்று கேட்பதில் வெட்கப்பட வேண்டாம். கணவர்களின் கூட்டம் மட்டும் போதாது. வீட்டுப் பெண்களையும் வாரத்தில் ஒரு நாள் கூப்பிட்டுப் பேச்சு எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள் என்று சங்கத்திடம் கேளுங்கள். அடுத்த அமர்வு எந்தத் தேதி என்பதை அவர்களிடமிருந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் ஆலையின் பெயரும் ஊரும் இருப்பதால் அவற்றை இங்கே அச்சிடவில்லை. ஓய்வுக்குப் பின்னும் எனக்குத் தெரிந்த சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவரின் முகவரியைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கட்டணம் கேட்கமாட்டார்.